இரண்டு சாக்குத் தேரிமண்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
14-10-1977

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

லீலாபாய் எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் இதை அடுப்பில் போட்டுவிடத் தோன்றும். போடலாம். அதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்காமல் கடிதம் தொடங்கவும் தெரியவில்லை.

அவர் உங்களை விட்டுவிட்டு என்னோடு குடித்தனம் நடத்த இங்கே வந்த அன்று, மாற்று வேட்டிகூடக் கொண்டுவரவில்லை. ஒரு சாக்குப்பை மட்டும் கையில் இருந்தது. அதற்குள் உங்கள் வீட்டில் வளர்ந்த கட்டாமை, அந்தத் தரை ஆமை. பதினொரு வருஷமாக அது எங்கள் பின்கட்டில்தான் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒரு வாரத்துக்கு மேலாக அது வாயில் ஒன்றும் வைக்கவில்லை. விடிந்ததும் நடக்க ஆரம்பிக்கிறது. சுவர் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்து, மூலையில் ஏறப் பார்த்து மல்லாந்து விழுகிறது. திருப்பிப் போட்டால் மறுபடியும் அதே மூலைக்குப் போகிறது. பிறகு ஓரிடத்தில் நின்று பின்னங்கால்களால் தரையைப் பிராண்டுகிறது. பின்கட்டு முன்பு மண்தரையாக இருந்தது. போன வருஷம் வீட்டுக்காரர் சிமெண்டு பூசிவிட்டார். அந்தச் சிமெண்டைப் பிராண்டிப் பிராண்டி நகம் தேய்ந்து ரத்தம் கசிகிறது. அந்தச் சத்தம் பகல் முழுக்க என் காதில் இருக்கிறது, அக்கா. சோறு வடிக்கும்போதும் இருக்கிறது.

போன வருஷம் துலா மாசத்தில், அதாவது உங்கள் ஐப்பசியில், நடந்துகொண்டே ஒவ்வொரு முட்டையாகத் தரையில் போட்டது. ஓடு மெல்லிசு. விழுந்ததும் உடைந்தன. ஒன்று சாக்கடைத் துவாரத்துக்குள் போய்விட்டது. இந்த வருஷம் அதுவும் வரவில்லை.

அவரிடம் கேட்கலாம் என்றால் அவருக்குப் பேச்சு இல்லை. ஆனி மாசம் சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் அசைவில்லை. உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போதும் அதற்காக எழுதவில்லை. வத்தல் லாரி ஓட்டுகிற பிச்சைக்கனி அண்ணன்தான் உங்கள் விலாசம் தந்தார். "அந்த ஆமைக்க குணம் வடிவம்மாளுக்குத்தாம்மா தெரியும். ஒரு கடுதாசி போட்டுப் பாரு" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து வீட்டில் கற்றது. பிழையைப் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
லீலாபாய்


திசையன்விளை,
20-10-1977

லீலாபாய் அறிய,

கடிதம் வந்தது. வாசித்தேன்.

அதற்கு நோவு ஒன்றும் இல்லை. முட்டை சுமக்கிறது. போட இடம் கிடைக்காமல் அலைகிறது. ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும், குஞ்சு வராது, அவ்வளவுதான். ஆனால் இடம் கிடைக்காமல் அடக்கிக்கொண்டே இருந்தால் உள்ளேயே இறுகிப்போகும். பிறகு அது பிழைக்காது.

பின்னங்காலுக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு குழி இருக்கும். ஆமையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அங்கே விரலை மெதுவாக விட்டுப் பார். கல் மாதிரி உருண்டு தட்டுப்பட்டால் அதுதான். அழுத்தாதே. உள்ளே உடைந்தால் போச்சு.

அதற்கு வேண்டியது மண். அதன் பின்னங்கால் முழுக்க இறங்குகிற ஆழத்துக்கு வேண்டும். சேறாக இருந்தாலும் தோண்டாது, பொடிந்து சரிந்தாலும் தோண்டாது. வெயில் விழுகிற இடமாக இருக்க வேண்டும். முதலில் மூக்கை வைத்து மோந்து பார்க்கும். பிடித்தால் தன் மூத்திரத்தை விட்டே மண்ணை இளக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் கண்டால் பாதியில் விட்டுவிடும்.

ஓடு மெல்லிசாக இருந்தது என்றால் நீ அதற்குச் சோறு போடுகிறாய் என்று தெரிகிறது. சோறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்து. முருங்கைக்கீரை, செம்பருத்தி, புல் கொடு. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை கேள், கணவாய் மீனின் ஓடுதான் அது. துண்டாகவே போடு, கடித்துக்கொள்ளும். ஒரு வட்டையில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, தாடை நனையாத அளவுக்கு அதில் உட்கார வை.

அதற்குப் பெயர் கருப்பட்டி. சொல்லியிருக்க மாட்டார்.

அவரைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

வடிவம்மாள்


ஆரியசாலை,
29-10-1977

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

பதில் எழுதினீர்களே, அதுவே பெரிது. கருப்பட்டி என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பியது என்று சொன்னால் பொய். ஆனால் இவ்வளவு வருஷம் ஒரு பெயர் இருப்பது தெரியாமல் 'ஆமை, ஆமை' என்று விரட்டிக்கொண்டிருந்தேனே என்று இருந்தது. அவர் அதை 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவார். அது என்னையா ஆமையையா என்று சில நேரம் குழப்பம் வரும்.

நீங்கள் சொன்ன குழியில் விரல் விட்டுப் பார்த்தேன். கூழாங்கல் மாதிரி தட்டியது. கையை உடனே எடுத்துவிட்டேன். கடல்நுரை சாலைக் கடைத்தெருவில் கிடைத்தது. இரண்டு நாள் அதைச் சீண்டவில்லை, மூன்றாம் நாள் நறுக்கு நறுக்கென்று கடித்தது. சோறு நிறுத்தியாகிவிட்டது. வெந்நீரில் உட்கார வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிறது.

மண்ணுக்குத்தான் வழி இல்லை. தேயிலைப் பெட்டி ஒன்று வாங்கி, பக்கத்துத் தோட்டப் பறம்பிலிருந்து மண் அள்ளிப்போட்டு வைத்தேன். இங்கத்து மண் வெட்டும்போது கட்டியாக வரும், மழை விழுந்தால் பிசின் ஆகிவிடும். கருப்பட்டி அதில் இறங்கி மோந்து பார்க்கிறது. ஒரு காலால் நாலு தடவை வாருகிறது. அப்புறம் ஏதோ நினைப்பு வந்த மாதிரி நின்றுவிடுகிறது. பெட்டி முழுக்க அரைக் குழிகள். ஒன்றையும் முடிக்கவில்லை.

நானும் அப்படித்தான் இருக்கிறேன். ஒரு வேலையைத் தொட்டால் முடிப்பதற்குள் அடுத்தது கூப்பிடுகிறது. அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும். நல்ல கனம். நேற்று அலக்கின துணியைக் காயப்போட்டேனா என்று நினைவில்லாமல் வாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். வாளி என் கையில் இருந்தது.

எழுத வேண்டாம் என்றீர்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்துக்கொண்டால் எனக்கு அது பாரம். கொஞ்ச நாளாக அவர் "வ... வ..." என்கிறார். கண்ணில் நீர் வருகிறது. அது உங்கள் பெயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அக்கா. வடிவு என்று கூப்பிடுகிறார்.

இப்படிக்கு,
லீலாபாய்


திசையன்விளை,
4-11-1977

லீலாபாய்க்கு,

அது என் பெயர் அல்ல. என்னோடு குடித்தனம் செய்த காலத்தில் லிங்கம் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஏய்' என்பார், இல்லையென்றால் தொண்டையைச் செருமுவார். அவர் பெயரை எழுதிவிட்டேன், பார். புருஷன் பெயரை எழுதக் கை கூசும் என்பார்கள். எனக்குக் கூசவில்லை.

'வலி' என்று சொல்கிறாராக இருக்கும். மாசக்கணக்கில் படுத்துக் கிடக்கிற உடம்பு. நீ முன்பக்கம்தான் துடைக்கிறாய் என்று நினைக்கிறேன். ஒருக்களித்துப் புரட்டி, இடுப்பு எலும்பு பாயில் அழுந்துகிற இடத்தைப் பார். முதுகின் அடியையும் குதிகாலையும் பார். என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது எங்களுக்கும் முதலில் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் பார்த்தோம்.

பிச்சைக்கனி வியாழக்கிழமை வத்தல் ஏற்ற வருகிறார். அவரிடம் இரண்டு சாக்கு மண் கொடுத்து விடுகிறேன். தேரிக்காட்டுச் செம்மண், உடைமரத்து மூட்டில் அள்ளினது. கருப்பட்டி இங்கே இருந்தபோது அந்த மரத்தடியில்தான் முட்டை வைக்கும். மேற்கு வெயில் விழுகிற மூலையில் செங்கல் அடுக்கி அதற்குள் கொட்டு. கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கையில் பிடித்துப் பார். உருண்டை பிடித்து, தட்டினால் உதிர வேண்டும். மழை வந்தால் மேலே எதையாவது போட்டு மூடு.

மண் அள்ளப் போனபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. மாவு மில்லில் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறேன், அதில் பிடிக்காதது இரண்டு சாக்கு மண்ணில் பிடித்துக்கொண்டது.

புண் இருந்தால் எழுது.

வடிவம்மாள்


ஆரியசாலை,
22-11-1977

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னதுதான் சரி. வலி.

இடது இடுப்பில் என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். தோல் கறுத்து, நடுவில் குழிந்து. தினமும் துடைத்தேனே, எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று புரியவில்லை. கம்பவுண்டர் யோசுவா வந்து கழுவிக் கட்டுகிறார். இப்போது "வ..." என்று சொன்னால் மறுபக்கம் புரட்டிப் போடுகிறேன். சத்தம் நின்றுவிடுகிறது.

இனி கருப்பட்டி விஷயம். மண் வந்தது. சாக்கைப் பிரித்ததும் வீட்டுக்குள் வேறு ஒரு வாசனை. மூலையில் கொட்டி நிரப்பினேன். கருப்பட்டியைத் தூக்கி அதில் விட்டதும் கழுத்தை நீட்டி மூக்கை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு கனநேரம் இருந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அன்றைக்கே போட்டுவிடும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. தார்ப்பாயைப் போட்டு மண்ணைக் காப்பாற்றினேன். மழை விட்டபோது கருப்பட்டி நடப்பதை நிறுத்தியிருந்தது. தலையை உள்ளே இழுக்கவும் தெம்பில்லை. பின்னங்கால்களை நீட்டிக்கொண்டு முக்கியது.

பக்கத்து வீட்டு எலிசாளை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கூடையில் தூக்கிக்கொண்டு மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தாவில் மாடும் கோழியுமாகக் கூட்டம். என் கூடையைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் சாம்பசிவன் சிரிக்கவில்லை. விரலை விட்டுப் பார்த்தார். "அம்மே, இதுக்கு தீனம், நோவு ஒண்ணும் இல்லை கேட்டோ. இடம் இல்லை. இனி தானே வராது, ஊசி போடணும்" என்றார். முதல் நாள் சுண்ணாம்புச் சத்து ஊசி. மறுநாள் மறுபடி வரச்சொல்லி, மாட்டுக்குப் பிரசவ வலி வரப் போடுகிற மருந்தில் துளியளவு போட்டார். கூடைக்குள்ளேயே ஒன்று வந்தது. உடைந்துதான் வந்தது.

மற்றவற்றுக்கு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். நல்ல வெயில். மண்ணில் விட்டுவிட்டு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆள் நடமாட்டம் கூடாது என்றீர்கள். ஆனால் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன், அக்கா. ஒரு காலால் மண்ணை வாரி வெளியே வைத்தது. பிறகு மற்றக் காலால் வாரியது. மனுஷி மாவு அள்ளுகிற மாதிரி, அவசரமே இல்லை. மண்ணை நனைத்துக்கொண்டது. சின்ன எலுமிச்சம்பழம் போல ஒவ்வொன்றாக இறங்கியது. ஒவ்வொன்றையும் பின்னங்காலால் நகர்த்தி வைத்தது. எல்லாம் முடிந்ததும் மண்ணை இழுத்து மூடி, அடிவயிற்று ஓட்டைத் தூக்கித் தூக்கித் தட்டி மெழுகியது. பிறகு நான் போய்ப் பார்த்தால் எந்த இடம் என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எதற்கென்று தெரியாது. அடுப்பில் அவருடைய கஞ்சி அடிபிடித்துவிட்டது.

டாக்டர் ஒன்று சொன்னார். இங்கே ஈரம் அதிகம், தரையும் சரியில்லை. அடுத்த தடவை தாங்காது. உலர்ந்த மண் உள்ள இடத்துக்கு அனுப்புவதுதான் நல்லது என்றார்.

கருப்பட்டியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா. உங்களுடையதுதான்.

இதைக் கேட்க இரண்டு நாளாகப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவரும் அந்த மண்ணில் வளர்ந்தவர்தானே. இந்த ஈரமும் இருட்டறையும் அவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளைக்கு, புண் ஆறுகிற வரைக்கும் மட்டுமாவது, அவரையும் உங்களிடம் அனுப்பட்டுமா? பிச்சைக்கனி அண்ணன் லாரியில் மெத்தை விரித்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்கிறார். என்னால் முடியவில்லை, அக்கா.

இப்படிக்கு,
லீலா


திசையன்விளை,
1-12-1977

லீலாவுக்கு,

கருப்பட்டியை அனுப்பு. அவரை அனுப்பாதே.

ஆமைக்குச் சொன்னதை ஆளுக்குச் சொல்லாதே. கருப்பட்டி கேட்காமல் கொண்டுபோகப்பட்டது. அவர் தன் காலால் நடந்து போனார். அன்றைக்கு மகள் உலகம்மாளுக்கு அம்மை போட்டிருந்தது. எட்டு வயசுப் பிள்ளை. வேப்பிலையைப் போட்டுப் படுக்க வைத்திருந்தேன். "கடைக்குப் போயிட்டு வாரேன்" என்றார். பின்வாசலில் கருப்பட்டியைக் காணோம் என்று நான் சாயங்காலம் வரை விளை முழுக்கத் தேடினேன். ஆமையைத் தேடினேனே தவிர அவரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்குக் கோபம் இருக்கிறது என்று நினைக்காதே. இருந்தது. அதைச் சுமக்கவும் தெம்பு வேண்டும். காலையில் மோட்டாரைப் போட்டால் சாயங்காலம்தான் நிறுத்துகிறேன். இருமினால் மாவு வருகிறது. படுத்தால் மோட்டார் சத்தம் காதுக்குள் ஓடுகிறது. இதற்கு மேல் இன்னொரு உடம்பைத் தூக்க என்னிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அவர் நல்லவராக இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீ தூக்கித்தான் ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அவருக்கு நாகர்கோவிலில் தம்பி இருக்கிறார். வன்னியபெருமாளை உனக்குத் தெரியும். பெரிய வீடு. இரண்டு பெண்டாட்டிகளுக்கு நடுவில் மட்டும்தான் அவரை வைக்க இடம் என்று யார் சொன்னது? அங்கே கேள்.

வடிவம்மாள்


ஆரியசாலை,
10-12-1977

அக்கா அவர்களுக்கு,

பிச்சைக்கனி அண்ணனிடம் கருப்பட்டியைக் கொடுத்திருக்கிறேன். கூடையில் வைக்கோல் போட்டு, செம்பருத்திப் பூ வைத்திருக்கிறேன். வழியில் வெயிலில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கடல்நுரை மிச்சம் இருந்தது, அதையும் பொதிந்து வைத்திருக்கிறேன். இங்கே யாருக்கு அது?

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

தம்பிக்கு எழுதினேன். மூத்த மகனுக்குப் பரீட்சையாம். வீட்டில் வெள்ளையடிக்கிறார்களாம். சித்திரைக்கு மேல் பார்க்கலாம் என்றார்.

உங்கள் பொருள் ஒன்றும் இனி இந்த வீட்டில் இல்லை. நாம் எழுதிக்கொள்ளவும் காரணம் இல்லை.

லீலாபாய்


திசையன்விளை,
19-1-1978

அன்புள்ள லீலாவுக்கு,

கருப்பட்டி வந்து சேர்ந்தது என்று ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. பொங்கலுக்கு ஒரு கார்டு போட்டேன். அதற்கும் இல்லை. சரி, எழுதாதே. நான் எழுதுகிறேன்.

கருப்பட்டி நன்றாக இருக்கிறது. வந்த அன்று கூடையைச் சாய்த்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு நேராக உடைமரத்துக்குப் போகும் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அது எதிர்த்திசையில் போய் மாட்டுத்தொழுவத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. ஒன்றையும் ஞாபகம் வைத்திருக்கிற மாதிரி தெரியவில்லை. நல்லாத் தின்கிறது. நகம் வளர்கிறது.

நேற்று பிச்சைக்கனி வந்தார். தண்ணீர் பைப்படியில் குடத்தோடு நீ விழுந்துவிட்டாய் என்றார். நெற்றியில் தையல் போட்டிருக்கிறது என்றார். "பிள்ளைக்கு நிக்கதுக்குப் பெலன் இல்லையம்மா, நின்னுகிட்டே ஒறங்குதா" என்றார்.

நான் சொன்னதை மாற்றவில்லை. அவர் இந்த வீட்டுக்கு வர மாட்டார். ஆனால் நான் அங்கே வரலாம். அப்படி யோசிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. மில்லை மாடம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன். என்னோடு மில்லில் நிற்கிறவள்தான், சமாளிப்பாள். அடுத்த வத்தல் லோடில் ஏறுகிறேன். வழியில் நாகர்கோவிலில் இறங்கி, வெள்ளையடித்து முடித்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வருவேன்.

எனக்கென்று ஒன்றும் சமைக்காதே. காலில் விழுகிறது, அழுகிறது எல்லாம் வேண்டாம். நீ தூங்க வேண்டும். அதற்காகத்தான் வருகிறேன்.

வடிவம்மாள்


ஆரியசாலை,
12-2-1978

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஊர் சேர்ந்தது பிச்சைக்கனி அண்ணன் சொல்லித் தெரிந்தது. இடுப்பு எப்படி இருக்கிறது? லாரியில் அந்த உயரத்துக்கு ஏறினீர்களே.

நீங்கள் இருந்த நாட்களில் நான் உங்களோடு பேசியது மொத்தம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது. தூங்கியே தீர்த்துவிட்டேன். நீங்கள் வருவதற்கு முன்னால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று வாசல் தூத்துக்கொண்டே மனசில் அடுக்கி வைத்திருந்தேன். நீங்கள் கையில் ஒரு பையோடு இறங்கி, என் நெற்றித் தையலைப் பார்த்து, "நீ எங்க படுப்பே?" என்று கேட்டீர்கள். காட்டினேன். "போய்ப் படு" என்றீர்கள். அடுக்கி வைத்ததெல்லாம் போய்விட்டது.

முதல் நாள் உங்களைக் கண்டதும் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீங்கள் பாயைச் சரிசெய்துகொண்டே, "அந்தப் பக்கமே பாத்துக் கிடங்க. புண்ணுக்கு அதுதான் நல்லது" என்றீர்கள். நான் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஆனி மாசத்துக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

இன்னொன்றும் கேட்டேன். நான் தூங்குவதாக நினைத்திருப்பீர்கள். மத்தியானம், அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். "உலகம்மாளுக்குக் கல்யாணம் ஆயிட்டு. உங்க தம்பிதான் நின்னு நடத்தினாவ. மாப்பிள்ளை கரண்ட் ஆபீஸ்ல இருக்காரு. நல்ல பையன், சத்தம் போட்டுப் பேச மாட்டான். இப்ப அவளுக்கு மாசம் அஞ்சு" என்று, கடைச் சாமான் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனீர்கள். அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. வலி என்கிற சத்தம் இல்லை. எனக்கு இப்போது வித்தியாசம் தெரியும். "சரி, வாயத் தொறங்க. ஆறிப்போகுது" என்றீர்கள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அது நான் கேட்க வேண்டிய பேச்சு இல்லை என்று பட்டது. கேட்டுவிட்டேன் என்பதை உங்களிடம் மறைக்கவும் மனசில்லை.

நாகர்கோவிலில் நீங்கள் என்ன சொன்னீர்களோ தெரியாது. தம்பி ஒரு ஆளை அனுப்பிவிட்டார். முன்பு ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்த ஆள், நேசையன் என்று பெயர். தினமும் காலையில் வந்து அவரைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறார். நான் தூக்க வேண்டியதில்லை. புண் ஓரம் சிவந்து ஆறிக்கொண்டு வருகிறது என்று யோசுவா சொல்கிறார். அவர் எழுந்து நடப்பார் என்று யாரும் சொல்லவில்லை. இப்படியே பல வருஷம் போகலாம் என்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு முன்பு மாதிரி தலை சுற்றவில்லை. அசதி போகவில்லை. ஆனால் ராவிலே கொஞ்சம் படுக்கிறேன், விடியும்போது எழுந்திருக்கிறேன்.

மூலையில் கொட்டின உங்கள் மண்ணை வாரிப்போடச் சொல்லி வீட்டுக்காரர் வந்தார். முட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே விட்டிருந்தேன். குஞ்சு வராது என்று நீங்கள் சொன்னது தெரியும். தோண்டினேன். எல்லாம் கெட்டுப்போயிருந்தன. மண்ணோடு சேர்த்துப் பக்கத்துத் தென்னை மூட்டில் போட்டுவிட்டேன்.

நீங்கள் கிளம்பின காலையில் நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். லாரி தெருமுனையில் ஹாரன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டீர்கள். அவர் படுத்திருந்த அறையைத் தாண்டித்தான் வந்தீர்கள். உள்ளே போகவில்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. நேராக அடுக்களை வாசலுக்கு வந்து, என்னைப் பார்த்து, "வாரேன், லீலா" என்றீர்கள். கையில் கரண்டியோடு நின்றேன். "சரி, அக்கா" என்று மட்டும்தான் எனக்கு வந்தது.

இதுவரை உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் எதையாவது கேட்டு எழுதியவை. இந்தக் கடிதத்தில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. திருப்பிப் படித்துப் பார்த்தேன், ஏதாவது விட்டுப்போயிற்றோ என்று. இல்லை. அப்படியே உறையில் போடுகிறேன்.

உங்கள்,
லீலா